ஓடைச்சரிவில் பதினான்கு படிகள்

அத்தைக்கு முழங்கால் போனபோது எனக்கு எட்டு வயது. இலங்கை மலைநாட்டில் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும் காலம் அது. அத்தை அப்பாவுக்கு மூத்தவள். பிள்ளையில்லை, புருஷனும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவள், மலையேற முடியாமல் போன பிறகும் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில், கடைசி ஒற்றை அறைக் காம்பிராவில் தனியாகவே இருந்தாள். எங்களோடு வந்துவிடும்படி அம்மா பலதடவை கூப்பிட்டுப் பார்த்தாள். தன் சட்டிபானை தன்னிடமே இருக்கட்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள்.

அவளால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. கொண்டை போட்டுவிட நான் போவேன். குனிந்து கால்நகம் வெட்டவும் முடியாது. அதுவும் என் வேலை. பெரிய மனுஷி போல இதையெல்லாம் செய்வதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அப்போது லயத்தில் கக்கூஸ் கிடையாது. வெளிக்குப் போக எல்லோரும் பின்பக்கச் சரிவில் இறங்கி ஓடைக்கரைக்குத்தான் போக வேண்டும். இளவட்டங்கள் ஓடி இறங்குவார்கள். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக வைத்து இறங்குவாள்.

ஒரு மழைக்காலக் காலையில் அவள் கால் வழுக்கியது. என்னையும் இழுத்துக்கொண்டு விழுந்தாள். நான் எழுந்துவிட்டேன், அவளால் முடியவில்லை. கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. சேலையெல்லாம் அசிங்கமாகியிருந்தது, அது வெறும் சேறு மட்டுமில்லை. அப்பாவைக் கூப்பிடத் திரும்பினேன். என் பாவாடையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"யாரையும் கூப்பிடாத. என் தம்பி என்னைய இப்பிடிப் பாக்க வேணாம்."

மேலே, வேலைக்கு ஆளெண்ணும் பெரட்டுக்குத் தப்பு அடித்தார்கள். எல்லோரும் வேலைக்குப் போகும் சத்தம் ஓயும்வரை தூறலில் உட்கார்ந்திருந்தோம். பிறகு அத்தை கைகளை ஊன்றித் தவழ்ந்தே ஏறினாள். நான் அவள் சேலையை ஓடையில் அலசிக் காயப்போட்டேன்.

இரண்டு நாள் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அத்தைக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. துணி மாற்றப்போன அம்மா, இடுப்பில் கறுத்துக் கிடந்த காயத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அடி விழும் என்று சுவரோரம் ஒதுங்கினேன். அம்மா அடிக்கவில்லை. கஞ்சியை ஆற்றி அத்தையின் வாயருகே கொண்டுபோனாள். அத்தை உதட்டை இறுக்கிக்கொண்டாள். அம்மா கஞ்சியைக் கீழே வைத்தாள்.

"குடிச்சா ஓடைக்கு எறங்கிப் போகணுமேன்னுதானே மதினி, இத்தன நாளா வயித்தக் காயப்போட்டீங்க?"

அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்று சாயந்தரம் வேலை விட்டு வந்த அப்பா, விஷயத்தைக் கேட்டுவிட்டு மம்பட்டியோடு சரிவுக்குப் போனார். மண்ணை வெட்டிப் படி அமைத்தார். பிடித்துக்கொள்ள ஓரத்தில் கம்பு நட்டார். அடுத்தடுத்த சாயந்தரங்களிலும் வெட்டினார். ஐந்தாவது படி முடிவதற்குள் அத்தை செத்துப்போனாள்.

காரியம் முடிந்த மறுநாள் அப்பா மறுபடியும் மம்பட்டியை எடுத்தார். இனிமேல் யாருக்கு என்று கேட்டேன். அவர் சரிவில் இறங்கிவிட்டார். பதினான்கு படிகளையும் வெட்டி முடித்த பிறகுதான் மம்பட்டியைக் கழுவி வைத்தார்.

அதற்கப்புறம் விடியுமுன்னே வயசானவர்கள் வர ஆரம்பித்தார்கள். மேல் லயத்துக் கிழவர் ஒருவர் வந்தார். கங்காணியின் கண் மங்கிப்போன தாயார், கம்புகளைத் தடவித் தடவி இறங்கினார். தெமோதரைப் பக்கத் தோட்டத்திலிருந்து வந்து எங்கள் லயத்தில் மகளோடு தங்கியிருந்த ஒரு கிழவியும் வந்தாள். ஒருவர் ஏறிவரும்வரை அடுத்தவர் தேயிலைச் செடிக்குப் பின்னால் காத்து நின்றார். எதிரெதிரே பட்டுவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நான் வாசலில் குந்தியிருந்து எண்ணினேன். ஒரு காலையில் ஒன்பது பேர். எங்கள் அப்பா வெட்டிய படிக்கு இவ்வளவு மவுசா என்று உள்ளுக்குள் பூரித்துப்போனேன். அதுவரை அந்த ஒன்பது பேரும் எப்படி இறங்கி ஏறினார்கள் என்று ஒருநாளும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.