இடது காலுக்கு வேலையில்லை

"டர்போ வேணும்னா ஆட்டோமேட்டிக்தான் மேடம். கியர் வேணும்னா சாதா எஞ்சின் எடுத்துக்குங்க" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னதும் எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கார் ஷோரூம். அவள் கொடுத்த காபியை அப்போதுதான் கையில் எடுத்திருந்தேன். குடிக்காமலே திரும்ப வைத்துவிட்டேன்.

"எனக்கு ரெண்டும் சேர்ந்து வேணுமுங்க. வேகமான எஞ்சினும் வேணும், கியரும் வேணும். இப்ப நான் வெச்சிருக்கறதே அப்படித்தான். வெளிய நிக்குது பாருங்க, உங்க கம்பெனி வண்டிதான்."

"அந்த மாடல் நிறுத்திட்டாங்க மேடம். இப்ப யாரும் கேக்கறதில்லை."

"இதா, நான் கேக்கறனே!"

அதற்கும் சிரித்தாள். சிரிக்கச் சொல்லித்தான் சம்பளம் கொடுப்பார்கள் போல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து நாற்காலியில் என் வீட்டுக்காரர், வழவழவென்றிருந்த விளம்பரத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே, "அப்ப ஆட்டோமேட்டிக்கே பாக்கலாமே" என்றார். கல்யாணமான நாளிலிருந்து வண்டி விஷயத்தில் இந்த மனிதர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. அவரை ஒரு பார்வை பார்த்தேன். மறுபடி தாளுக்குள் புகுந்துகொண்டார்.

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது நான். பிறந்தது நாமக்கல்லில், லாரி வீட்டில். தாவணி போட்ட வயதிலேயே ஷெட்டுக்குள் லாரியை எடுத்து நகர்த்தி நிறுத்துவேன். என்னைக் கட்டிக்கொண்டவர் தம்மம்பட்டிக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். குடியிருப்பது நாமக்கல்லிலேயேதான். கிளட்ச் என்பது அவருக்கு வரவே வரவில்லை. கல்யாணமான புதிதில் எங்கள் ஷெட்டுக்கு முன்னால் ஓட்டிப் பார்த்தார். கார் வெள்ளாட்டுக் குட்டி மாதிரி துள்ளித் துள்ளிப் போய் நின்றது. என் அண்ணனின் டிரைவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். லாரி ஊருக்கு வந்த மாப்பிள்ளைக்கு கியர் போடத் தெரியவில்லை என்றால் விடுவார்களா? இவர் இறங்கினார், கதவை மெதுவாகச் சாத்தினார், அவ்வளவுதான். அன்றிலிருந்து இடது பக்க சீட் அவருக்கு, ஸ்டியரிங் எனக்கு.

எங்கே போகிறோம், எப்போது கிளம்புகிறோம், எப்போது திரும்புகிறோம், எல்லாம் நான் சொன்னால் சொன்னதுதான். எனக்கு அது பிடித்திருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? என் காரும் அப்படிப்பட்டது. பார்த்தால் சாதுவான குடும்பக் கார். பின்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், டிக்கியில் அரிசி மூட்டை போடலாம். ஆனால் மல்லூர் தாண்டி ரோடு விரிந்ததும் ஒரு கியரைக் குறைத்து மிதித்தால், முன்னால் போய்க்கொண்டிருந்த பஸ், பின்னால் பார்க்கிற கண்ணாடியில் தெரியும். கிளட்ச் என் இடது காலுக்குக் கீழே இருக்கும்வரை அந்த சீட்டை யாரும் என்னிடம் கேட்க முடியாது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டது கியரை இல்லை, என் சீட்டை. எனக்கு அப்படித்தான் பட்டது.

லாரி வீட்டுப் பழக்கம் ஒன்று என்னோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் வண்டியை ரோட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் இறங்குவேன். எடுத்தால் அப்படியே போய்விடலாம் இல்லையா? எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். மூக்கை வீட்டுக்குள் விட்டு நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் அண்ணன், "இவனெல்லாம் வண்டி வாங்கலைன்னு எவன் அழுதான்" என்பார்.

தம்மம்பட்டியில் என் நாத்தனார் இருக்கிறார். வீட்டுக்காரருக்கு ஒரே அக்கா. புருஷன் போனபிறகு தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார். அங்கேயும், வாசலில் நான் முன்னே விட்டு, பின்னே விட்டு, திருப்பி நிறுத்துகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி, "உடனே கெளம்பணுமா?" எனக்குச் சுருக்கென்று தைக்கும். வந்த மனுசியை வா என்று சொல்வதற்கு முன்னால் போவதைப் பற்றிக் கேட்டால் எப்படி இருக்கும்? வேண்டாதவர் வீட்டில் நமக்கென்ன வேலை என்று, காபி டம்ளரைக் கீழே வைத்ததும் எழுந்துவிடுவேன். வருகிற வழியெல்லாம், "உங்க அக்காளுக்கு நாம வந்தாலே புடிக்கறதில்லீங்க" என்று பொரிந்து தள்ளுவேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, பாக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டு வருவார்.

சரி, ஷோரூம் கதைக்கு வருகிறேன். இன்னும் இரண்டு மூன்று இடம் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் அதே பதில், அதே சிரிப்பு. பொறுக்காமல் அண்ணனிடம் போனேன். லாரி வைத்திருக்கிறவர், அவராவது என்னோடு சேர்ந்து கொதிப்பார் என்று நினைத்தேன்.

"அண்ணா, இந்த அநியாயத்தைக் கேட்டீங்களா? வேகமா போற கார்ல கியரையே எடுத்துப்போட்டாங்களாம்!"

அண்ணன் பல் குத்திக்கொண்டே, "காரை உடு சாமி. போன மாசம் எடுத்தனே புது லாரி, அதுலயே கிளட்ச் பெடல் கிடையாது" என்றார்.

"லாரிலயா?"

"ஆமாங்கறன். டிரைவர் பசங்க இனி அதுதான் வேணுங்கறானுங்க. கால்வலி இல்லையாமா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஷெட்டில் நின்ற அந்த லாரியில் ஏறியே பார்த்துவிட்டேன். நிஜம்தான். இடது காலுக்கு வெறும் ரப்பர் விரிப்பு. நாமக்கல்லில், எங்கள் சொந்த ஷெட்டில், இப்படி ஒரு வண்டி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்து நிற்கிறதே என்று முனகிக்கொண்டே இறங்கினேன்.

பழைய கார் அடுத்தடுத்து வேலை வைத்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் வேறு, "மாத்திடலாம், மாத்திடலாம்" என்று தினமும் ஒரு தடவை ஓதினார். ரிட்டயரானதிலிருந்து அவருக்குச் சேலத்தில் என்னவோ வேலை. வாரத்தில் சில நாள் காலையில் பஸ் ஏறிப் போவார், கூட வேலை பார்த்தவர்களோடு பேசிக்கொண்டிருந்ததாகச் சொல்வார். மனிதருக்குப் பொழுது போகவேண்டுமே என்று விட்டுவிட்டேன். கடைசியில் எனக்கும் வேகத்தை விட மனசு வரவில்லை. டர்போ எஞ்சின், ஆட்டோமேட்டிக், வெள்ளை நிறம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். லாரியையே நகர்த்தினவளுக்கு இதென்ன பிரமாதம் என்று வீறாப்பாக மறுத்துவிட்டேன்.

இனிமேல்தான் கூத்து.

எங்கள் சொந்தத்தில் யார் புது வண்டி எடுத்தாலும், காரோ, லாரியோ, ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியோ, கோயில் வாசலில் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, முதலில் வண்டியை எடுப்பது நான்தான். எனக்குக் கால் ராசி என்பார்கள். பழத்தின் மேல் ஏறும்போது எஞ்சின் அணைந்துவிடக் கூடாது, வண்டி தயங்கி நிற்கக் கூடாது. நின்றால் அந்த வண்டி சம்பாத்தியம் கொடுக்காது என்று ஒரு பயம். என் காலில் எந்த வண்டியும் நின்றதில்லை. பாதி கிளட்சில் எடுத்தால் நாலு பழமும் ஒன்றாக நசுங்கும். திருச்செங்கோட்டிலிருந்தெல்லாம் ஆள் அனுப்பி என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அன்றைக்கு என் சொந்தக் கார். அண்ணன் குடும்பம், பங்காளிகள், எல்லோரும் சுற்றி நின்றார்கள். மாலை, சந்தனம், பூசணிக்காய். பூசாரி கற்பூரத் தட்டோடு முன்னால் நின்றார். நான் பட்டுச் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டனை அழுத்தினேன். பிரேக்கை மிதித்தபடி லீவரை இழுத்தேன். மெல்லப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

ஐயோ, அது தானாகவே நகர்ந்தது! நான் ஆக்ஸிலேட்டரைத் தொடவே இல்லை. பதறிப்போய் என் இடது கால், அத்தனை வருஷப் பழக்கத்தில், கிளட்சைத் தேடி ஓங்கி ஒரு மிதி மிதித்தது. அங்கே இருந்தது பிரேக். கார் தலையைக் குனிந்து, எலுமிச்சம்பழத்தைத் தொட்டதும் அப்படியே நின்றுவிட்டது. மாலை அறுந்து விழுந்தது. பூசாரி தட்டோடு ஒரு குதி குதித்தார்.

"என்ன சாமி, ஏறாமயே நின்னுட்டே!" என்றார் அண்ணன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணுமில்லீங்ண்ணா, இதா எடுக்கறேன்" என்று மறுபடி காலை எடுத்தேன். அது மறுபடி நகர்ந்தது. என் இடது கால் மறுபடி மிதித்தது. நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் மிதித்தது, சனியன் பிடித்த கால். பின்னால் யாரோ பெண்பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்போது என் பக்கத்துக் கதவு திறந்தது. வீட்டுக்காரர். "எறங்கு, நான் எடுக்கறேன்" என்றார்.

"நீங்களா?" என்றேன். சுற்றி நின்றவர்கள் இப்போது வாய்விட்டே சிரித்தார்கள். அண்ணன், "மாப்ள, வேண்டாமுங்க, பூசாரி புள்ளகுட்டிக்காரரு" என்றார். அந்த மனிதர் சிரிப்பைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நான் இறங்கியதும் ஏறி உட்கார்ந்தார். சீட்டைப் பின்னால் தள்ளினார், கண்ணாடியைத் திருப்பினார், இடது காலை மடக்கி சீட்டோரமாக வைத்துக்கொண்டார். பிறகு ஒரு குலுக்கல் இல்லை, ஒரு சத்தமில்லை. நாலு பழமும் ஒன்றாக நசுங்கி, கார் எங்களைத் தாண்டிப் போய் நின்றது.

சிரித்த கூட்டமெல்லாம் நசுங்கின பழங்களைக் குனிந்து பார்த்தது.

"எங்கீங்க கத்துக்கிட்டீங்க?" என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"சேலத்துக்குப் பக்கத்துல, அயோத்தியாப்பட்டணத்துல. ஆட்டோமேட்டிக்கில சொல்லித் தர்ற எடம் ஒண்ணு இருக்கு. லைசென்ஸும் வாங்கிட்டேன்" என்றார். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். சாவியும் அதே பைக்குள் போயிற்று. "ஏறு" என்றார்.

எந்தப் பக்கம் ஏறுவது என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. ஷோரூமில் நான் பயந்தது பயந்தபடியே நடந்துவிட்டது. சுற்றி வந்து இடது பக்கம் உட்கார்ந்தேன். அந்த சீட்டிலிருந்து ரோடு வேறு மாதிரி இருக்கிறது. லாரி எதிரே வந்தபோதெல்லாம் என் கால் விரிப்பை மிதித்தது, கை தானாக டேஷ்போர்டைப் பிடித்தது. "கையை மடியில வெச்சிக்கிட்டு சும்மா வா" என்றார். அவருக்கு நான் எப்போதும் சொல்வது அது.

வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் அவர் திரும்பவில்லை. ராசிபுரம் ரோட்டில் விட்டார். "ஏனுங்க, ஊடு அந்தப் பக்கமுங்க" என்றேன். "தெரியும்" என்றார். என் வாழ்நாளில் ஒரு வண்டி எங்கே போகிறது என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். நாமகிரிப்பேட்டை தாண்டி, மலை பக்கத்தில் வந்து, பாக்குத் தோப்பு தெரிந்த பிறகுதான் புரிந்தது. தம்மம்பட்டி.

நாத்தனார் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்து, வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இவர் ரோட்டிலிருந்து அப்படியே நேராக உள்ளே ஓட்டி, வீட்டைப் பார்த்தபடி நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். அண்ணன் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். "திருப்பி நிறுத்துங்க" என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

தம்பி ஓட்டி வந்ததைப் பார்த்து நாத்தனார் ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன். அவர் தம்பியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. காரின் மூக்கைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், மறுபடி காரைப் பார்த்தார். கட்டியிருந்த கை அவிழ்ந்தது.

"வண்டியத் திருப்பி நிறுத்தலையே, அப்ப ராத்திரி தங்குவீங்களாம்மா?" என்றார் என்னிடம்.

நெஞ்சில் யாரோ கை வைத்துத் தள்ளிய மாதிரி இருந்தது. அந்த அம்மாள் என்னைப் போகச் சொன்னதே இல்லை. கிளம்பத் தயாராகத் திருப்பி நிறுத்தின வண்டியைப் பார்த்துவிட்டு, பாவம், எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். நான் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன், கடவுளே!

வீட்டுக்காரர் காரைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். சாவி அவர் பையில்தான் இருந்தது. ஆனாலும் பதில் சொல்லாமல் என் முகத்தையே பார்த்தார். அவர் அக்காவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கறமுங்க" என்றேன். மாற்றுச் சேலைகூடக் கொண்டுவந்திருக்கவில்லை.