வெள்ளை ஸ்டிக்கர்க்காரி

புடவைக்கடை அமுதவள்ளியின் முகம் வீங்கியது பொறாமையால்தான் என்று மலேசியாவின் கிள்ளானில் ஒரு பேச்சு. விசாரித்துப் பார்த்ததில், பொறாமை மெய். வீக்கத்தின் கதை வேறு.

ஒரே வீட்டில் அண்ணன் மனைவி அமுதவள்ளிக்கும் தம்பி மனைவி மாதவிக்கும் எட்டாம் மாதம். கிளினிக்கில் கர்ப்பிணிகளின் புத்தகத்தில் நிற ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஆபத்து கூடினால் நிறம் மாறும். சர்க்கரை ஏறிய மாதவிக்கு மஞ்சள். அவளை டாக்டரே பார்த்தார்; மாமியார் பவுனம்மாள் தனிச்சமையல் செய்தார். அமுதவள்ளிக்கு வெறும் வெள்ளை. நெஞ்செரிச்சல், இடுப்புவலி, சாயங்காலம் கால்வீக்கம் என்று எதைச் சொன்னாலும் தாதி, "எல்லாருக்கும் வர்றதுதான் லா" என்று அனுப்பிவிடுவார். எல்லாருக்கும் வருவதை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படிப் பெருமைப்படுவது? மாதவிக்கு ஒருமுறை தலை சுற்றினால் இவளுக்கு இரண்டுமுறை சுற்றத் தொடங்கியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மோதிரம் கழலவில்லை. முகம் உப்பியிருந்தது. தலை பிளந்தது, கண்முன் ஏதோ மின்னியது.

"நேத்து அவளுக்குத் தலைவலி, இன்னிக்கு உனக்கா?" என்றார் பவுனம்மாள். கணவன் யுகேந்திரன் கைப்பேசியிலிருந்து நிமிரவில்லை. முதன்முறையாக உண்மையைச் சொன்னாள், நம்ப ஆளில்லை.

மாதவிதான் உற்றுப் பார்த்தாள். "அக்கா, இது கால்வீக்கம் மாதிரி இல்ல. முகம் வீங்கி, தலை வலிச்சு, கண்ணு மின்னுனா நாள் பாக்காம வரணும்னு டாக்டர் சொன்னாங்க."

"உன் டாக்டர் உனக்குச் சொன்னது."

"சண்டைய கார்ல போடலாம். ஏறுங்க."

அன்று மாதவிக்குக் கிளினிக்கில் முறைநாள், அவள் எண் ஒன்பது; முறையில்லாமல் வந்த அமுதவள்ளிக்குக் கிடைத்தது நாற்பத்து மூன்று. மாதவி சீட்டை மாற்றிக்கொடுத்தாள். தாதி ரத்த அழுத்தம் பார்த்தார், மறுபடி பார்த்தார், சிறுநீரைச் சோதித்தார். பிறகு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். சிவப்பு மஞ்சளுக்கு மேல் என்று அமுதவள்ளிக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. தாதி ஆம்புலன்ஸைக் கூப்பிட ஓடியதைப் பார்த்ததும் அந்தக் குளிர் வயிற்றுக்கு இறங்கியது.

இரண்டு நாளில் மருத்துவமனையில் பெண் குழந்தை, இரண்டு கிலோ. தாயும் சேயும் தப்பித்தார்கள். அந்த ரத்த அழுத்தத்தோடு இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கலாம் என்றார் அங்கிருந்த டாக்டர்.

அன்று நாற்பத்து மூன்றை வைத்துக்கொண்டு மாதவி பசியோடு மதியம் இரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தாளாம். அதை ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டினால் ஒரு சண்டை போட்டுக் கணக்கைத் தீர்க்கலாம் என்று அமுதவள்ளி காத்திருக்கிறாள். நன்றி சொல்ல நாக்கு வரவில்லை. குழந்தைக்கு மூன்று மாதம் ஆகிறது.