ஆடு எட்டும் உயரம்

சொர்ணவல்லி வாயைத் திறந்தால் மேலப்பட்டியே வாயை மூடிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் அன்று காலையில் அய்யனார் கோயில் காட்டுக்கு முன்னால் பேச்சு வராமல் நின்றாள். எல்லாம் அவளே இழுத்து வைத்த வினை.

முந்தின நாள்தான் தலையாரி கவியரசன் வந்து சொல்லிவிட்டுப் போனார். "நாளைக்கு தாலுகா ஆபீஸ்லேருந்து ஆர்.ஐ. மேடம் காட்டைப் பாக்க வாராங்க. ஆடு மாடு மேயாத எடம்னா தைலமரம் போட்டுருவாங்களாம்."

குன்றாண்டார்கோவில் பக்கம் அந்த இடம் நாற்பது ஏக்கர். முன்னால் செம்மண் பொட்டலும் சூரைப் புதர்களும், நடுவில் வீரை மரங்கள் அடர்ந்த கோயில் காடு. ஊர் ஆடெல்லாம் அங்கேதான் வயிறு வளர்த்தன. பக்கத்து ஊரிலும் இப்படித்தான் மேய்ச்சல் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். கம்பி வேலி வந்தது. ஒரே மாதத்தில் ஊரே ஆட்டை விற்றது.

கல்யாணமானபோது சொர்ணவல்லியின் ஆத்தா ஓட்டிவிட்ட இரண்டு குட்டிதான் இன்று முப்பத்தொன்றாகப் பெருகியிருக்கிறது. புருஷன் செல்லமுத்து இடுப்பொடிந்து படுத்த இரண்டு வருஷமும் வீட்டில் உலை கொதித்தது அந்த ஆடுகளால். மகள் மணிமேகலை நர்சிங் படித்ததும் அவற்றால்தான்.

சரி, பயந்தவள் என்ன செய்தாள்? ஆடு மேய்ந்த அடையாளம் கண்ணில் பட்டால்தான் இடம் போய்விடும் என்று தலைகீழாகப் புரிந்துகொண்டாள். ஆபீசர் வருகிறார் என்றால் வாசலைக் கூட்டித் தெளிக்கிற சனம் அல்லவா! வீடு வீடாய்ப் போனாள். "நாளைக்கு ஒரு ஆடு அங்கிட்டு எட்டிப் பாத்துச்சு, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்!" என்று மிரட்டி எல்லாப் பட்டியையும் அடைக்க வைத்தாள். விடிந்ததும் விளக்குமாறோடு போய், காட்டு முகப்பில் கிடந்த புழுக்கையை ஒன்று விடாமல் கூட்டி அள்ளினாள். அதில் பெருமை வேறு.

ஆர்.ஐ. பிரகதீஸ்வரி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுச் சுற்றிப் பார்த்தார்.

"ரொம்ப சுத்தமா இருக்கே. ஆடு மாடு வாரதில்லையா?"

"தெனமும் வரும்ங்க மேடம்" என்றார் கவியரசன்.

"இன்னைக்கு?"

கவியரசன் சொர்ணவல்லியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு புழுக்கையக் கூடக் காணோம். நான் கண்ணால பாக்குறதத்தான் எழுத முடியும்."

"இப்பவே தொறந்து விடச் சொல்றேம்மா!" சொர்ணவல்லிக்கு ஒரு வழியாகக் குரல் வந்தது.

"இனிமே ஓட்டிட்டு வந்தா, அது எனக்குக் காட்ட ஓட்டுனதா ஆயிரும்." பிரகதீஸ்வரி பேனாவைத் திறந்தார்.

அடிப் பாவி, உன் கையாலேயே கூட்டித் தள்ளினாயே! சொர்ணவல்லிக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பேனா தாளைத் தொடப் போன நேரத்தில் அவள் பாய்ந்து அந்த அம்மாளின் கையைப் பிடித்தாள். கவியரசன் பதறிப்போனார்.

"எழுதாதீங்கம்மா! இந்த மரத்தப் பாருங்க." அவள் ஒரு வீரை மரத்தடியில் போய் நின்று நெற்றிக்கு நேரே கையை வைத்தாள். "இதுக்குக் கீழ எலை இருக்கா? மேல பாருங்க, எம்புட்டு எலை! வெள்ளாடு முன்னங்காலத் தூக்கி நின்னா இம்புட்டுத்தான் எட்டும்."

பிரகதீஸ்வரி நிமிர்ந்து பார்த்தார். அடுத்த மரத்தையும், அதற்கடுத்ததையும் பார்த்தார். காட்டின் ஓரம் முழுக்க நூல் பிடித்ததுபோல் ஒரே உயரத்தில்தான் இலை தொடங்கியது.

"ஆளுங்க கழிச்சு விட்டிருக்கலாமே?"

"கோயில் காட்டுக்குள்ள அருவா வராதும்மா. குச்சி ஒடிக்கவே ஊரு பயப்படும். வெட்டுன தழும்பு ஒண்ணு காட்டுங்க, ஒங்க தைலமரத்துக்கு நானே குழி வெட்டுறேன்."

சொல்லிவிட்ட பிறகுதான் யோசித்தாள். எவனாவது கள்ளத்தனமாக ஒரு கிளையை வெட்டியிருந்தால்? பிரகதீஸ்வரி விடவில்லை, மரம் மரமாகக் குனிந்து, கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏழாவது மரத்தில் நின்றார். முழங்கால் உயரத்தில் பட்டை தேய்ந்து வழவழவென்று கிடந்தது.

"இது என்ன?"

சொர்ணவல்லி ஓடிப் போய்ப் பார்த்தாள்.

"ஆடு ஒடம்பு ஒரசுன எடம்மா!"

பிரகதீஸ்வரி பட்டை இடுக்கில் விரலை விட்டு எதையோ பிடுங்கினார். ஒரு கொத்துச் செந்நிற ஆட்டு மயிர். விளக்குமாறு எட்டாத இடம்.

அந்த அம்மாள் மயிரைத் தாளின்மேல் வைத்துப் படம் பிடித்தார். இலை தொடங்கும் உயரத்தையும் பிடித்தார். பிறகு எழுதினார். சொர்ணவல்லிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

"என்னம்மா எழுதுனீங்க?"

"மேய்ச்சல் உண்டு. தினசரி." பிரகதீஸ்வரி பேனாவை மூடினார். "அடுத்த தடவை நான் வந்தா, எதையும் கூட்டி வைக்காதீங்க."

"சத்தியமா வெளக்குமாத்தையே தொட மாட்டேம்மா!"

ஸ்கூட்டி மறைவதற்குள் அவள் ஊர்ப்பக்கம் திரும்பினாள். போன குரல் இரண்டு பங்காய்த் திரும்பி வந்தது.

"அடியே மூக்காயி! பட்டியத் தொறங்கடி! எல்லாப் பட்டியையும் தொறங்கடி!"

கத்தி முடித்ததும் அந்த ஏழாவது மரத்தடியில் உட்கார்ந்து, ஆடுகள் வந்து அவளை முட்டும்வரை அழுதாள்.