அமைச்சர் பெயரில் ஒரு மூடி

அமைச்சர்கள் இருந்த அந்தத் தலைமை அலுவலகத்தில் அவரை எல்லோரும் திருப்புளி என்றுதான் கூப்பிட்டார்கள். கதவுகளில் பெயர்ப்பலகை மாட்டுவதும் கழற்றுவதும் அவர் வேலை. கையில் எப்போதும் ஒரு திருப்புளி, வாயில் நான்கு திருகாணிகள். ஆட்சியின் மேல் இருந்த ஆத்திரத்தை அவர் வாய்விட்டுச் சொல்லாததற்கு அந்தத் திருகாணிகளும் ஒரு காரணம்.

ஆத்திரத்துக்கு என்ன குறைச்சல்? மருந்து வாங்கியதில் ஊழல் என்று செய்தி வந்தால், அந்த அமைச்சரின் பலகையை ஆசை ஆசையாகக் கழற்றுவார். கண்காணிப்பாளர் வந்து, அதையே மேல்மாடியில் கல்வித்துறைக் கதவில் மாட்டச் சொல்வார். வட்டமான தேக்குப் பலகையில் பெயர் மட்டும்தான் இருக்கும், துறை இருக்காது. முன்யோசனையில் அந்த அலுவலகத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அங்கே ஒரு பழைய வழக்கம் இருந்தது. பதவி போய் ஒரேயடியாக வீட்டுக்குப் போனவரின் பலகை, அதைக் கழற்றியவருக்கே சொந்தம். அதை நம்பி, கல்யாணமான புதிதில், சமையலறைத் தண்ணீர்ப் பீப்பாய்க்குத் தேக்கு மூடி கொண்டுவருவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்துத் தொலைத்துவிட்டார். பதினோரு வருடமாக நெளிந்த அலுமினியத் தட்டுதான் மூடி. மாதம் ஒரு பல்லி விழுந்தது. ஒவ்வொரு பல்லிக்கும் திட்டு வாங்கியது அரசாங்கம் அல்ல, அவர்.

அப்போதுதான் புதுப் பாலம், திறப்பு விழாவுக்கு முதல்நாள் பொத்தென்று விழுந்தது. ரிப்பன் கட்டிய முனை மட்டும் நின்றது. அமைச்சர் பொறியாளரைக் கைகாட்டினார், பொறியாளர் சிமென்ட்டை, சிமென்ட்காரர் காற்றை. காற்றுக்கு இன்னும் சம்மன் போகவில்லை. அந்தக் கட்டடத்தில் யாராவது ஒருவர் "என் தப்பு" என்று சொல்லி ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பது திருப்புளியின் நெடுநாள் ஆசை. அதுதான் இல்லை, மூடியாவது வரட்டும் என்று காத்திருந்தார்.

வந்தது. அமைச்சர் பதவி விலகினார். திருப்புளி பலகையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தபோது, பெயரைப் படித்த ஒருவர் சாலையில் குழி இருப்பதாக அவரிடம் மனுக் கொடுத்தார். பலகை பீப்பாய்க்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. மனைவி அதைத் தட்டிப் பார்த்து, இந்த மந்திரி ஒருவழியாக ஜனங்களுக்கு உபயோகப்பட்டான் என்றாள்.

நான்காம் நாள் கண்காணிப்பாளர் பலகையைத் திரும்பக் கேட்டார். பாலம் ஏன் விழுந்தது என்று விசாரிக்கும் குழுவுக்கு அதே ஆள்தான் தலைவராம். பாலுக்குப் பூனை காவல். மனைவி பீப்பாய்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"காணோம், விசாரிச்சிட்டு இருக்கோம்னு சொல்லுங்க. அவங்க சொல்றதுதானே" என்றாள்.

அப்படியே சொன்னார். கண்காணிப்பாளரும் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார், பழகிய பதில். பலகைக்குப் பதிலாகக் காகிதத்தில் பெயர் எழுதிக் கதவில் ஒட்டினார்கள். மின்விசிறி சுற்றினால் காகிதம் விழும். திருப்புளி ஓடிப்போய் ஒட்டுவார். ஒவ்வொரு தடவை குனியும்போதும், நாமும் அவன்களைப் போலவே பேசிவிட்டோமே என்று மனசு குத்தியது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் தலைவரே வெளியே வந்து, தரையில் கிடந்த தன் பெயரைப் பார்த்தார்.

"என் பேரு இப்படிக் கீழ கிடக்குதே, இதுக்கு யாருப்பா பொறுப்பு?"

கண்காணிப்பாளர் மின்விசிறியைக் கைகாட்டக் கையைத் தூக்கினார். அதற்குள் திருப்புளி திருகாணிகளைக் கையில் துப்பிவிட்டார்.

"நான்தான் சார். பலகை காணாமப் போகல, எங்க வீட்டுப் பீப்பாய் மேல இருக்கு. என் தப்பு."

வராந்தாவில் தட்டச்சுச் சத்தம் நின்றது. தேநீர் கொண்டுவந்தவர் தேநீரோடு நின்றார். இப்படி ஒருவர் சொன்னால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கண்காணிப்பாளர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார், அதிலும் இல்லை. திருப்புளிக்கு இரண்டு நாளைக்குப் பிறகு வயிறு பசித்தது.

தலைவர் முகம் வெளிறிப்போய் அக்கம்பக்கம் பார்த்தார்.

"அப்படியெல்லாம் சட்டுனு ஒத்துக்கக் கூடாதுப்பா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாத்திய வேகத்தில், அப்போதுதான் ஒட்டிய காகிதம் மறுபடி விழுந்தது. திருப்புளி அதை எடுக்கவில்லை. சாப்பிடப் போய்விட்டார்.