பக்கத்து நிறம்

எங்கள் தறிவீட்டில் ஊடை நூல் சுற்றிய தார்களை அலமாரியில் அடுக்க ஒரு முறை உண்டு. மெரூனுக்குப் பக்கத்தில் அரக்கு, கறுப்புக்குப் பக்கத்தில் கருநீலம். அவசரத்தில் கை ஒரு தட்டு தவறினாலும் கிட்டத்தட்ட அதே நிறம்தான் ஓடும். கைலி வாங்குகிறவர் கண்ணில் படாது.

சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் மகளின் நோயை விளக்கியபோது அந்த அலமாரிதான் நினைவுக்கு வந்தது. உடம்பைச் செய்யும் குறிப்பு மூன்று மூன்று எழுத்தாக இருக்கிறதாம். ஓர் எழுத்து பிசகினாலும் பல நேரம் அதே சரக்குதான் வந்து சேருமாம். இல்லாவிட்டால் அதே குணமுள்ள இன்னொன்று. கோடிக்கணக்கான வருஷத்தில், பிழையைத் தாங்கும் ஏற்பாடே நிலைத்து நின்றதாம். முருகன் அடுக்கி வைத்தது என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். அப்படியானால் பாப்பாவுக்கும் சரியாகிவிடும்தானே என்று கேட்டேன்.

"தாங்கிக்கிட்ட பிழையெல்லாம் என்கிட்ட வராதுங்க," என்றார்.

மகளுக்கு மாறிய எழுத்து, 'இதோடு நிறுத்து' என்று பொருள் தந்துவிட்டதாம். ரத்தம் முழுதாக உருவாகாது. மாதாமாதம் பிறர் ரத்தம் ஏற்ற வேண்டும். தாய் தகப்பன் ஒருவரிடம் மட்டும் பிழை இருந்தால் மற்றவரின் நல்ல பிரதி ஈடுகட்டியிருக்கும். எங்கள் இருவரிடமும் அதே பிழை. சொந்தமா என்று கேட்டார். என் மனைவி தாய்மாமன் மகள்.

கே.ஜி.கண்டிகையிலிருந்து அக்கா வந்தாள். குழந்தையைத் தொடவில்லை. என் மனைவியைப் பார்த்து, "ஒறவு வுட்டுப் போவக்கூடாதுன்னு ஒன்ன கட்டி வெச்சோம். சீக்க கொண்டாந்துட்ட," என்றாள். இருவரிடமும் இருக்கிறது என்று நான் சொன்னேன். பொம்பளை டாக்டர் பொம்பளைக்குத்தான் பேசுவாள் என்று சிரித்தாள். எனக்கு வேறு பெண் பார்ப்பதாகவும் சொன்னாள். மகள் பாயில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மனைவி அழவில்லை. அக்கா போனபின் தார்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "தப்பு தெரியக்கூடாதுன்னு இதுங்கள பக்கத்துல பக்கத்துல வெக்கிறீங்க மாமா. நம்மள எட்ட எட்ட வெச்சிருக்கணும்."

ஆடிக் கிருத்திகைக்கு மகளைத் தூக்கிக்கொண்டு முருகன் மலை ஏறி, வேண்டுதல்படி மொட்டை போட்டோம். சந்தனம் பூசுகையில் மகள் கேட்டாள்.

"முடி மறுபடி வளருமா நைனா?"

"ஆங், வளரும்."

"ரத்தம்?"

சாமியைக் கேட்கலாம் என்று சந்நிதிக்குத் தூக்கிப் போனேன். தீபாராதனை வெளிச்சத்தில் அவள் கைகூப்பினாள். அடுத்த ரத்தத்துக்கு இன்னும் நாள் இருந்தது. நகங்கள் அதற்குள் வெளுத்திருந்தன.