அக்காவின் சலுகை ஃபாரமும் சென்னைப் பயணமும்

காரைக்காலுக்கு ரயில் கிடையாது. பேரளத்திலிருந்து வந்துகொண்டிருந்த வண்டி நின்று பல வருஷமாகிவிட்டது. அகலப்பாதை வேலை நடப்பதால் பக்கத்து ஸ்டேஷன்களிலிருந்தும் சென்னை வண்டி இல்லை, தஞ்சாவூர் போய்த்தான் ஏற வேண்டும். ஆனாலும் போன மாசியில் (2008) அக்காவைச் சென்னைக்கு ரயிலில்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது. மார்பில் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்ததிலிருந்து அவளுக்கு இடது கை வீங்குகிறது. எட்டு மணி நேரம் பஸ்ஸில் அதைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார முடியாது. சிகிச்சை முடிந்து இரண்டு வருஷம். நோய் திரும்பியிருக்கிறதா இல்லையா என்று சென்னை ஆஸ்பத்திரியில் செய்யும் இந்தப் பரிசோதனையில் சொல்லிவிடுவார்கள்.

அக்கா காரைக்கால் பக்கம் கருக்களாச்சேரியில் மீன் விற்பவள். வாய் கொஞ்சம் நீளம். நான் பள்ளிக்கூடத்தில் கிளார்க், ஃபாரம் நிரப்புவதில் புலி என்று எனக்கே ஒரு நினைப்பு.

புற்றுநோயாளி சிகிச்சைக்குப் போனால் ரயில் கட்டணத்தில் 75 சதவீதம் தள்ளுபடி உண்டு. துணைக்குப் போகிற ஒருவருக்கும் அதே. மருத்துவமனையில் கொடுக்கும் ஃபாரத்தைக் கவுண்டரில் நீட்ட வேண்டும். தஞ்சாவூர்–சென்னை ஸ்லீப்பர் எங்களுக்கு ஒருவருக்கு 181 ரூபாய், சலுகையில் 61. முன்பதிவுக்கான இருபது ரூபாயில் மட்டும் பைசா குறையாது.

பதினைந்து நாள் முன்னதாகவே நாகப்பட்டினம் ஸ்டேஷனுக்குப் போனேன் (20 கி.மீ., பஸ் 8 ரூபாய்). மீன் எடுக்க வந்த அக்காவும் கூட இருந்தாள். கவுண்டரில் இருந்தவர் ஃபாரத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இதுல புதுச்சேரியிலேர்ந்துன்னு போட்டிருக்கு. நீங்க தஞ்சாவூர் கேக்குறீங்களே?”

“நாங்க புதுச்சேரி மாநிலம்தான் சார். காரைக்கால்.”

“மாநிலம் சரிங்க. ஃபாரத்துல இருக்கிற ஸ்டேஷனுக்குத்தான் சலுகை போட முடியும்.”

தலையில் அடித்துக்கொண்டேன். போன தடவை ஆஸ்பத்திரியில் ஃபாரம் வாங்கும்போது விலாசத்தின் கடைசியில் புதுச்சேரி என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தவன் நான்தான். அதைப் பார்த்து அப்படியே ஸ்டேஷன் பெயராகப் போட்டிருக்கிறார்கள். அந்த ஊர் வடக்கே 130 கிலோமீட்டர், நடுவில் தமிழ்நாடு கிடக்கிறது! ஃபாரத்தைத் திருத்தவும் சென்னைக்குத்தான் போகணும். வாங்கும்போதே படித்துப் பார்க்காத என் மேலேயே கோபம் கோபமாக வந்தது.

“புலி புல்லைத் தின்னுடுச்சா?” என்றாள் அக்கா. “கருவாடு வித்த காசு நாறவா போவுது? முழு டிக்கெட்டே எடுடா.”

எடுத்தேன். போகிற நாளன்று மதியம் மூன்று மணிக்குக் காரைக்காலில் பஸ், திருவாரூர் வழியாகத் தஞ்சாவூருக்கு மூன்று மணி நேரம், 32 ரூபாய். ரயில் எட்டரைக்கு. கீழ் பெர்த் கேட்டு வாங்கியிருந்தேன். மடித்த சேலை மேல் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு அக்கா நன்றாகவே தூங்கினாள். எனக்குத்தான் பயம். காலை 5.40க்கு எழும்பூர்.

மறுநாள் மதியம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். “ஒண்ணும் இல்லம்மா. இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்.” நான் அங்கேயே அழுதுவிட்டேன். அக்கா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

கையோடு புது ஃபாரம் வாங்கினேன், இந்தத் தடவை ‘தஞ்சாவூர்’ என்று மூன்று முறை படித்துப் பார்த்து. அன்றைய வண்டியில் இடமும் இருந்தது. எழும்பூரில் வரிசையில் நிற்கும்போது அக்கா கேட்டாள்.

“அதுல என்ன எழுதியிருக்கு?”

“புற்றுநோயாளின்னு.”

“டாக்டரே இல்லேங்கிறாரு, நீ இன்னும் ஆமாங்கிறியா? உள்ள வையி.”

இரண்டு முழு டிக்கெட், 362 ரூபாய்.

நீங்கள் அவளைப் போலச் செய்யாதீர்கள். பரிசோதனைக்கும் சலுகை உண்டு, வாங்கிக்கொள்ளுங்கள். காரைக்கால்காரர்கள் விலாசத்தை நம்பாமல், ஏறப்போகும் ஸ்டேஷன் பெயரைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அறுபது வயதானவர்களுக்கு ஃபாரமே வேண்டாம், பதிவு செய்யும்போது வயதைச் சொன்னால் 30 சதவீதம் குறையும். வண்டியில் வயதுச் சான்று மட்டும் கையில் இருக்கட்டும்.

அந்தப் புது ஃபாரம் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. தேதி தாண்டினால் செல்லாதாம். தாண்டட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.