சிவப்பு அட்டைக்காரியின் ஜெபம்

மலேசியாவில், எங்கள் ஈப்போ நகரத்தில் யாராவது புதிதாகப் பழகினால், சொந்த ஊரைக் கேட்டபின் குரலைத் தாழ்த்தி, "அக்கா, ஐசி நீலமா, செவப்பா?" என்று கேட்பார்கள். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விநோதமாக இருக்கும். ஐசி என்பது அடையாள அட்டை. நீலம் குடிமக்களுக்கு. எத்தனை வருடம் இங்கே உழைத்தாலும் குடியுரிமை இல்லாதவர்களுக்குச் சிவப்பு. என்னிடம் வெகுகாலம் சிவப்புதான் இருந்தது. கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். தாப்பாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் என் கணவர் சாமுவேலும் பால் வெட்டினோம். எழுபதுகளின் தொடக்கத்தில், சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும் என்றார்கள். எனக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. காரணத்தை யாரும் சொல்லவில்லை. காலையில் நான் வாளியோடு கிளம்பும்போது அவர் வாசலில் நிற்பார். மத்தியானம் திரும்பும்போதும் அங்கேயே நிற்பார்.

"கப்பலேறிப் போலாம் கிரேஸ். அங்க அண்ணே இருக்காரு, பாத்துக்கலாம்."

"பிள்ளைங்க ரெண்டும் இங்க பொறந்ததுங்க. அதுங்களுக்கு அந்த ஊரே தெரியாதேங்க."

இதே பேச்சுதான் தினமும். பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் ஏழு குடும்பங்கள் கூடி ஜெபிப்போம். ஏழு மூன்றானது. ஒரு ஞாயிறு அடுத்த வீட்டு ஞானம் அக்கா மட்டும் வந்தார். தாப்பாவிலிருந்து வரவேண்டிய உபதேசியார் வரவில்லை. என் கணவர் உள்ளே படுத்திருந்தார்.

"நீயே ஜெபம் பண்ணு லா" என்றார் அக்கா, இந்த ஊர்ப் பேச்சின் இழுவையோடு.

அதுவரை நான் பிறர் முன் வாய்விட்டு ஜெபித்ததில்லை. கண்ணை மூடினேன். அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. இருக்கவா, போகவா, சொல்லுங்க" என்றேன். பதில் எதுவும் வரவில்லை. பயமும் போகவில்லை. ஆனால் பயந்துகொண்டே நிற்க முடியும், நிற்கிற இடத்தில் அவரும் இருப்பார் என்ற தைரியம் மட்டும் வந்தது.

அன்று மத்தியானமே கணவரிடம் சொன்னேன். "நா பிள்ளைங்களோட இங்கயே இருக்கேன். ஜெபம் பண்ணிட்டுத்தான் சொல்றேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நானும் அதே ஆண்டவர்ட்டதான் கேட்டேன். எனக்குப் போன்னு தோணுது."

அவர் பெட்டியை நானே கட்டினேன். பினாங்கில் அவரைக் கப்பலேற்றிவிட்டு வந்தேன். பிறகு தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றார்கள். பிள்ளைகளோடு ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் ஒற்றை அறை எடுத்து, ஒரு சாப்பாட்டுக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

குடியுரிமை நேர்காணலில் மலாய்க்கார அதிகாரி நாட்டின் ஐந்து கோட்பாடுகளைச் சொல்லச் சொன்னார். முதலாவது, இறைவன் மீது நம்பிக்கை. அதைச் சத்தமாகச் சொன்னேன். மற்ற நான்கும் மறந்துபோயின. அவர் பேச்சை மாற்றி, கணவர் எங்கே என்றார். இந்தியாவில் என்றேன்.

"பாலிக் பிலா?" எப்போது திரும்புவது என்று அர்த்தம். அவர் கேட்டது என் கணவரைப் பற்றி. நானோ, என்னைத்தான் ஊருக்குத் திருப்பி அனுப்பப் பார்க்கிறார் என்று பதறி, "தா பாலிக்! தா பாலிக்!" என்று கத்திவிட்டேன். திரும்பமாட்டேன் என்பதற்காக அப்படிச் சொன்னேன். கணவன் கைவிட்டுப் போனவள் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் முகம் இளகியது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் கேள்வியே எனக்குப் புரிந்தது. அந்தத் தடவை கிடைக்கவில்லை. அடுத்த தடவை ஐந்தையும் மனப்பாடமாகச் சொன்னேன். இரண்டு வருடம் கழித்து நீல அட்டை வந்தது.

எண்பதுகளின் நடுவில் என் கணவர் சுற்றுலா அனுமதியில் வந்தார். தலை நரைத்திருந்தது. அந்த ஞாயிறு ஈப்போவின் சிலிபின் பகுதியில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபைக்குப் போனோம். ஆராதனை முடியும் தருவாயில் போதகர், "இன்னிக்கு வந்திருக்கிற விருந்தாளிங்க எழுந்து நில்லுங்க" என்றார். இந்த மண்ணில் இருபது வருடம் ரப்பர் பால் வெட்டிய மனிதர் மெல்ல எழுந்து நின்றார். எல்லோரும் கைதட்டினார்கள். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நானும் எழுந்தேன்.

"அக்கா, நீங்க நம்ம சபை லா, உக்காருங்க" என்று பின்னாலிருந்து ஒருத்தி சிரித்தாள்.

கைதட்டல் ஓய்ந்து அவர் உட்காரும்வரை நான் அவர் பக்கத்திலேயே நின்றேன்.